கடல் கார்பன் ஆராய்ச்சிக்கு வரலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல கடல் எப்படி கார்பனை உள்ள இழுத்து வெச்சுக்குதுன்னு எழுதியிருந்தோம்ல, அதுக்கு வந்த கடிதங்கள்ல நிறைய பேர் கேட்டிருந்தது ஒரே விஷயம்தான், இந்த வேலைக்கு எப்படி வர்றது, வந்தா வாழ்க்கை எப்படி இருக்கும். அதனால இந்தத் தடவை முழுப் பக்கமும் அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: நான் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி மூணாவது வருஷம் படிக்கிறேன் அக்கா. கடல் பத்தி ஒரு பேப்பர் கூட படிச்சதில்ல. மரைன் பயோஜியோகெமிஸ்ட்ரின்னு பேரைக் கேட்டாலே பயமா இருக்கு. எனக்கு இது செட் ஆகுமா?

தாராளமா செட் ஆகும்மா. சொல்லப்போனா நீ சரியான பக்கத்துல இருந்துதான் வர்ற. பேர்தான் பெருசு, உள்ள நடக்கிறது என்னன்னா கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு, ஆக்சிஜன் இதெல்லாம் கடல்ல எங்கிருந்து வருது, எந்த உயிர் அதை எடுத்துக்குது, எப்ப திருப்பி விடுது, எவ்வளவு ஆழத்துக்குப் போய் எத்தனை காலம் தங்குதுன்னு கணக்கு பாக்கிறதுதான். அதுல கார்பன் பகுதி பாதிக்குப் பாதி உன் புத்தகத்துல இருக்கிற ஆசிட் பேஸ் கெமிஸ்ட்ரி. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு தண்ணில கரைஞ்சதும் கார்பானிக் ஆசிட், பைகார்பனேட், கார்பனேட்னு மாறிடும். மேல்கடல்ல கரைஞ்சிருக்கிற கனிம கார்பன்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் பைகார்பனேட்தான், கார்பன் டை ஆக்சைடாவே இருக்கிறது 1 சதவீதம் கூட வராது. இந்த மாற்றம் நடக்கிறதாலதான் கடலால இவ்வளவு வாங்கிக்க முடியுது. மொத்தம் சுமார் 38,000 கிகா டன் கார்பன் அங்க இருக்கு, அதாவது 38 லட்சம் கோடி டன், காத்துல இருக்கிறதை விட 40 மடங்குக்கு மேல.

மனுஷங்க வருஷா வருஷம் வெளியே விடுற கார்பன் டை ஆக்சைடுல கால்வாசி கடலுக்குள்ள போகுதுன்னு எல்லாரும் சொல்றோம். அதை அளக்கிறதுல இருக்கிற கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டா இந்தத் துறையே புரிஞ்ச மாதிரி. மேல்கடல் தண்ணி ஒரு கிலோ எடுத்தா அதுல கரைஞ்ச கனிம கார்பன், நாம சுருக்கமா டிஐசின்னு சொல்றது, சுமார் 2000 மைக்ரோமோல் இருக்கும். நாம விடுற புகையால அது ஒரு வருஷத்துக்கு ஏறுறது சுமார் 1 மைக்ரோமோல். ரெண்டாயிரத்துல ஒண்ணு! இதுக்கு நடுவுல மழைக்கும் வெயிலுக்கும் பாசி பூக்கிறதுக்கும் அந்த நம்பர் அதை விடப் பல மடங்கு ஏறி இறங்கும். அப்ப உன் அளவுல 5 மைக்ரோமோல் தப்பு இருந்தா அஞ்சு வருஷத்து மாற்றம் அதுக்குள்ளயே காணாமப் போயிடும்.

அதனாலதான் ஒரு பாட்டில் தண்ணி பிடிக்கிறதுக்கே இவ்வளவு ஒழுங்கு. கடல்ல இறக்கின ரொசெட்ங்கிற கருவிச் சட்டம் மேல வந்ததும், அதுல வட்டமா மாட்டியிருக்கிற நிஸ்கின் பாட்டில்கள்ல இருந்து யார் எப்ப பிடிக்கணும்னு வரிசை உண்டு. ஆக்சிஜன் மாதிரி வாயு சாம்பிள் எல்லாம் முதல்ல, அடுத்து டிஐசி, பிஎச், அல்கலினிட்டி (தண்ணி எவ்வளவு ஆசிடைத் தாங்கும்ங்கிற அளவு), அப்புறம் சத்துப் பொருள்கள், உப்பு அளக்கிறவங்க கடைசில. நிஸ்கின்ல தண்ணி குறையக் குறைய மேல காத்து ஏறும், வாயு அந்தக் காத்தோட கலந்துடும், அதான் காரணம். டிஐசி பிடிக்கும்போது ட்யூபை கண்ணாடி பாட்டிலோட அடி வரைக்கும் விட்டு, ஒரு குமிழ் கூட வராம மெதுவா நிரப்பி, தண்ணி மேல வழிஞ்சு ஓடுற வரைக்கும் விடணும். அப்புறம் உள்ள இருக்கிற நுண்ணுயிர் மூச்சு விட்டு நம்பரை மாத்திடக் கூடாதுன்னு கொஞ்சமா மெர்குரிக் குளோரைடு விட்டு, க்ரீஸ் தடவின மூடியால அழுத்தி மூடணும். அது விஷம், கையுறை இல்லாம தொடவே கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு கப்பல் ஆடிக்கிட்டிருக்கும்போதும் இதே ஒழுங்குதான்.

அல்கலினிட்டி அளக்கிறது என்னன்னு நினைக்கிற? ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வெச்சு டைட்ரேஷன். ஆக்சிஜனுக்கு 1888ல விங்க்லர் கண்டுபிடிச்ச டைட்ரேஷனைத்தான் இன்னிக்கும் சென்சாரை சரி பாக்கிறதுக்கு வெச்சிருக்கோம். உலகத்துல எந்த லேப்ல அளந்தாலும் நம்பர் ஒத்துப் போகணுமேன்னு ஸ்க்ரிப்ஸ் இன்ஸ்டிட்யூட்ல ஆண்ட்ரூ டிக்சன் லேப்ல இருந்து, அளவு உறுதி பண்ணின கடல் தண்ணியை பாட்டில்ல அடைச்சு உலகம் முழுக்க அனுப்புற வழக்கத்தைக் கொண்டு வந்தாங்க. அந்த பாட்டில்கள் இல்லேன்னா இன்னிக்கு நம்ம கையில இருக்கிற கடல் கார்பன் டேட்டாவை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பாக்கவே முடியாது. கடல் பாடம் எம்எஸ்சில படிச்சுக்கலாம். இப்ப உன் காலேஜ் லேப்ல ஒரே சாம்பிளை திரும்பத் திரும்ப டைட்ரேட் பண்ணி உன் நம்பர் எவ்வளவு சிதறுதுன்னு பாத்து வை, அந்தப் பழக்கம்தான் இங்க வேணும்.

கேள்வி: மேத்ஸ் எனக்கு சுமார்தான். தாக்குப் பிடிக்க முடியுமா?

கால்குலஸ், கொஞ்சம் லீனியர் ஆல்ஜீப்ரா, நல்லா ஸ்டாடிஸ்டிக்ஸ், இது மூணும் தப்பிக்க முடியாது. அதுலயும் பிழைக் கணக்கு, ஒரு அளவுல இருக்கிற தப்பு அடுத்த கணக்குல எப்படிப் பெருசாகுதுங்கிறது, அதை மட்டும் விட்டுடாதீங்க. புத்தகத்துல படிக்கும்போது வராதது நிஜ டேட்டாவை வெச்சு பண்ணும்போது வந்துடும், நிறைய பேருக்கு அப்படித்தான் வந்திருக்கு.

கேள்வி: நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சு மூணு வருஷமா சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன். பைத்தான், மெஷின் லேர்னிங் தெரியும். கடலை பாத்ததே பீச்ல நின்னுதான். எனக்கு இங்க இடம் இருக்கா சார்?

இருக்கு தம்பி, இடம் பெருசாவே இருக்கு. இப்ப கடலை அளக்கிறதுல பெரும்பங்கு ஆள் இல்லாத கருவிங்கதான் பண்ணுது. ஆர்கோ மிதவைகள் 4000 பக்கம் கடல்ல அலையுது, 1000 மீட்டர் ஆழத்துல மிதந்துக்கிட்டே போய், 10 நாளைக்கு ஒரு தடவை 2000 மீட்டர் வரைக்கும் இறங்கி அளந்துக்கிட்டே மேல வந்து சாட்டிலைட்டுக்கு டேட்டா அனுப்பிட்டு திரும்ப உள்ள போயிடும். அதுல ஆக்சிஜன், நைட்ரேட், பிஎச், பச்சையம் எல்லாம் அளக்கிற வகை தனி, பயோஜியோகெமிக்கல் ஆர்கோன்னு பேரு, உலகம் முழுக்க அதை 1000 ஆக்கணும்னு இலக்கு. டேட்டா மொத்தமும் இலவசம், இன்னிக்கு ராத்திரியே இறக்கிக்கலாம். கப்பல்கள் எடுத்த மேல்கடல் கார்பன் டை ஆக்சைடு அளவுகளை சேர்த்து வெச்சிருக்கிற சோகேட், ஆழ்கடல் அளவுகளை சேர்த்து வெச்சிருக்கிற க்ளோடாப், இதுங்களும் அப்படித்தான்.

ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கங்க. டேட்டாவை ஒரு மாடல்ல போட்டு படம் வரைஞ்சுட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு வர்றவங்க இங்க சீக்கிரம் மாட்டிப்பாங்க. அன்டார்டிகாவை சுத்தி இருக்கிற தென்பெருங்கடல் கதையையே எடுத்துக்கங்க. மனுஷங்க விட்ட கார்பனை கடல் வாங்கினதுல 40 சதவீதம் பக்கம் அங்கதான் போகுதுன்னு கணக்கு. குளிர்காலத்துல அங்க கப்பல் போறது ரொம்பக் கம்மி, அதனால 2014ல இருந்து சாக்கம் திட்டத்துல மிதவைகளை விட்டாங்க. 2018ல வந்த முடிவு என்ன சொல்லிச்சுன்னா குளிர்காலத்துல அந்தக் கடல் நினைச்சதை விட நிறைய கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுது. 2021ல விமானத்துல இருந்து காத்தை அளந்து பாத்தவங்க, இல்ல, அந்தக் கடல் மொத்தத்துல பலமா உள்ளதான் இழுக்குதுன்னு சொன்னாங்க. ஏன் இந்த முரண்? மிதவை கார்பன் டை ஆக்சைடை நேரா அளக்கிறதில்ல, பிஎச்சை அளக்குது, அல்கலினிட்டியை வேற அளவுகள்ல இருந்து மதிப்பிட்டு, ரெண்டையும் வெச்சு கணக்கு போட்டு எடுக்கிறோம். பிஎச்ல 0.01 தப்பினாலே கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்துல 10 மைக்ரோ அட்மாஸ்ஃபியர் பக்கம் நகர்ந்துடும், உலக சராசரியா பாத்தா காத்துக்கும் கடலுக்கும் இருக்கிற வித்தியாசமே கிட்டத்தட்ட அந்த அளவுதான். இதைத் தெரிஞ்சுக்காம ஒருத்தர் எவ்வளவு நல்ல நியூரல் நெட்வொர்க் எழுதினாலும் அது சென்சாரோட தப்பைத்தான் அழகா கத்துக்கும். அதனால வர்றதுக்கு முன்னாடி பைகோடூசிஸ்ங்கிற பைத்தான் பேக்கேஜை போட்டு, பிஎச், டிஐசி, அல்கலினிட்டி, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் இந்த நாலுல ரெண்டு தெரிஞ்சா மத்த ரெண்டு எப்படி வருது, எந்த ஜோடியை எடுத்தா தப்பு அதிகமாகுதுன்னு விளையாடிப் பாருங்க. முடிஞ்சா ஒரே ஒரு தடவையாவது கப்பல் ஏறுங்க, நீங்க திருத்தப் போற நம்பர் எப்படிப் பிறக்குதுன்னு கண்ணால பாத்துட்டா கோட் எழுதுற விதமே மாறிடும்.

கேள்வி: எனக்கு பஸ்ல போனாலே வாந்தி வரும். கப்பல் வேலை நடக்காதா?

நடக்கும். பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல உடம்பு பழகிடும், மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டு கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், வாந்தி வந்த அப்புறம் போட்டா அவ்வளவா கேக்காது. பழகவே இல்லைன்னாலும் கவலையில்ல, இந்தத் துறைல பாதிக்கு மேல வேலை கரையில நடக்கிறதுதான்.

கேள்வி: என் பொண்ணு பிஎச்டிக்கு சேர்ந்தா 40, 50 நாள் ஆராய்ச்சிக் கப்பல்ல போகணும்னு சொல்றா. எங்களுக்கு ராத்திரி தூக்கமே வரல. பாதுகாப்பா இருக்குமா?

அம்மா, உங்க கவலை நியாயமானது, அதனால ஒளிக்காம சொல்றேன். ஆராய்ச்சிக் கப்பல்ல 12 மணி நேரம் வேலை, 12 மணி நேரம் ஓய்வுன்னு ஷிஃப்ட் ஓடும், சனி ஞாயிறு கிடையாது. ஏறின உடனே உயிர்காப்பு பயிற்சி, தீ பயிற்சி கட்டாயம். நீண்ட பயணம்னா மருத்துவம் தெரிஞ்சவங்க கூட இருப்பாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி உடல் பரிசோதனை பண்ணித்தான் ஏத்துவாங்க. போன் சிக்னல் இருக்காது, சாட்டிலைட் இன்டர்நெட் கப்பலுக்குக் கப்பல் மாறும், ரெண்டு நாள் மெசேஜ் வரலைன்னா பதறாதீங்க. 1950கள், 60கள் வரைக்கும் நிறைய ஆராய்ச்சிக் கப்பல்கள்ல பெண்களை ஏத்தவே மாட்டாங்க. இன்னிக்கு பயணத்தோட தலைமை விஞ்ஞானியாவே பெண்கள் நிறைய பேர் போறாங்க. அதுக்காக எல்லா கப்பலும் ஒரே மாதிரின்னு நான் சொல்ல மாட்டேன். நடத்தை விதி எழுத்துல இருக்கா, தப்பு நடந்தா கப்பல்ல யார்கிட்ட சொல்லணும், கரையில யார்கிட்ட சொல்லணும், இந்த மூணையும் ஏறுறதுக்கு முன்னாடி பொண்ணை வாய்விட்டு கேக்கச் சொல்லுங்க. கேட்டதும் தெளிவா பதில் சொல்ற குழுவோட தைரியமா அனுப்புங்க. அவளோட பிஎச்டி கைடு குழுவுல முன்னாடி கப்பல்ல போய் வந்த பொண்ணுங்க ரெண்டு பேர்கிட்ட அவளையே பேசச் சொல்லுங்க, அதை விட நல்ல உத்தரவாதம் வேற எதுவும் இல்ல.

கேள்வி: 1958ல கீலிங்ங்கிற விஞ்ஞானி காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை அளக்க ஆரம்பிச்சாச்சு, ஹவாய்லயும் பெர்முடாவுலயும் 1988ல இருந்து மாசா மாசம் கடல்ல அளக்கிறாங்க. இனிமே புதுசா கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கு?

இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு இதழ் முழுக்க எழுதலாம், அவ்வளவு மிச்சம் இருக்கு. கடல்ல இருக்கிற மிதவைப் பாசிகள் வருஷத்துக்கு 5000 கோடி டன் பக்கம் கார்பனை உணவா மாத்துது, உலகத்துல நடக்கிற மொத்த ஒளிச்சேர்க்கை உற்பத்தில கிட்டத்தட்ட பாதி. ஆனா உலகத்துல இருக்கிற மொத்தத் தாவர எடையில அதுங்களோட பங்கு 1 சதவீதத்துக்கும் கம்மி. அதுல ஒண்ணான ப்ரோக்ளோரோகாக்கஸ், உலகத்துலயே அதிக எண்ணிக்கையில இருக்கிற ஒளிச்சேர்க்கை உயிர், அது இருக்குங்கிறதே 1980கள் கடைசிலதான் சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன் குழு சொல்லி உலகத்துக்குத் தெரிஞ்சது. அவ்வளவு பெரிய விஷயம் அவ்வளவு நாள் கண்ணுல படாமலே இருந்திருக்கு.

அந்த 5000 கோடி டன்ல எவ்வளவு செத்த பாசியாவும் கழிவாவும் கடல் பனின்னு சொல்ற துணுக்குகளாவும் மேல் அடுக்கை விட்டு கீழ இறங்குது? 500 கோடி டன்ல இருந்து 1200 கோடி டன் வரைக்கும் ஆளுக்கு ஒரு மதிப்பு சொல்றாங்க. இறங்கினதுல பெரும்பகுதியை 200ல இருந்து 1000 மீட்டர் வரைக்கும் இருக்கிற மங்கலான அடுக்குல பாக்டீரியாவும் சின்னச் சின்ன விலங்குகளும் தின்னு மூச்சா விட்டுடுது. எவ்வளவு ஆழத்துல விடுதோ அதைப் பொறுத்துதான் அந்தக் கார்பன் சில வருஷத்துல திரும்ப மேல வருமா இல்ல நூத்துக்கணக்கான வருஷம் கீழயே இருக்குமாங்கிறது. கடல் சூடானா அந்த ஆழம் எப்படி மாறும்னு இன்னும் யாரும் உறுதியா சொல்லல, எதிர்காலத்துல பாசி உற்பத்தி கூடுமா குறையுமாங்கிறதுலயே பெரிய பெரிய காலநிலை மாடல்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகல.

இன்னொண்ணு, கரைஞ்ச கரிமப் பொருள். கடல்ல அது சுமார் 660 கிகா டன் கார்பன் இருக்கு, ஆழ்கடல்ல அதோட சராசரி வயசு 4000ல இருந்து 6000 வருஷம். சுத்தி அத்தனை பாக்டீரியா பசியோட இருக்கும்போது ஏன் யாரும் அதைத் தின்னல? மூலக்கூறே தின்ன முடியாத மாதிரி இருக்கா, இல்ல ஒவ்வொரு வகையும் அவ்வளவு கம்மியா கரைஞ்சிருக்கிறதால தேடித் தின்றது கட்டுப்படி ஆகலையா? ரெண்டு பக்கமும் நல்ல ஆதாரம் இருக்கு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பிடிச்சவங்களுக்கு இதை விட நல்ல புதிர் எனக்குத் தெரியல. அப்புறம் கடல் வருஷத்துக்கு எவ்வளவு உள்ள வாங்குதுங்கிற அடிப்படைக் கணக்குலயே அளவுகள் வழியா வர்ற மதிப்பும் மாடல் வழியா வர்ற மதிப்பும் விலகி நிக்குது, அளவு பக்கம்தான் அதிகமா காட்டுது. இதுக்கு நடுவுல கப்பல்ல எடுக்கிற மேல்கடல் அளவுகளோட எண்ணிக்கை கடந்த சில வருஷமா குறைஞ்சுக்கிட்டு வருதுங்கிறதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம், ஏன்னா விட்டுப் போன வருஷத்தை பின்னாடி போய் அளக்க முடியாது.

கேள்வி: கடல் மூலமா கார்பனை எடுக்கிறோம்னு ஒரு ஸ்டார்ட்அப் நல்ல சம்பளத்துக்கு கூப்பிடுறாங்க. எம்எஸ்சி முடிச்சிருக்கேன். போகலாமா, பிஎச்டி பண்ணலாமா?

முதல்ல பழைய கதை ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. சில கடல் பகுதிகள்ல சத்து இருந்தும் இரும்பு இல்லாததாலதான் பாசி வளரலைன்னு கடல் விஞ்ஞானி ஜான் மார்ட்டின் சொன்னார், அவர் 1993ல இறந்தார், அதே வருஷம் கடல்ல இரும்பைப் போட்டுப் பாக்கிற முதல் பரிசோதனை பசிபிக்ல நடந்தது. அதுல இருந்து 2009 வரைக்கும் பத்துக்கு மேல பரிசோதனை பண்ணிட்டாங்க. இரும்பைப் போட்டா பாசி வளருது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வளர்ந்தது ஆழத்துக்கு இறங்கிச்சாங்கிறது வேற கேள்வி. 2004ல தென்பெருங்கடல்ல நடந்த ஐஃபெக்ஸ் பரிசோதனைல டயட்டம்ங்கிற, சிலிக்கா ஓடு இருக்கிற பாசிகள் நல்லாவே இறங்கிச்சு. 2009ல அதே கடல்ல நடந்த லோஹாஃபெக்ஸ்ல தண்ணில சிலிக்கேட் இல்ல, டயட்டம் வளரல, வந்த பாசியை மேலயே விலங்குங்க தின்னுடுச்சு, பெருசா எதுவும் இறங்கல.

இப்ப அதிகமா பேசப்படுறது கடல் தண்ணில காரத்தன்மையைக் கூட்டுற முறை. கெமிஸ்ட்ரி சரியானது. கஷ்டம் எங்க வருதுன்னா, காரம் போட்ட தண்ணி காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து சமநிலைக்கு வர மாசங்கள், சில இடத்துல வருஷங்கள் கூட ஆகும், அதுக்குள்ள அந்தத் தண்ணி கலைஞ்சு எங்கயோ போயிருக்கும். எவ்வளவு உள்ள போச்சுன்னு நிரூபிக்க முதல் பதில்ல சொன்ன அதே ரெண்டாயிரத்துல ஒண்ணு பிரச்சனைதான். அதனால அந்தக் கம்பெனிகிட்ட ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க, உங்க டேட்டாவை வெளியிடுறீங்களா, அளக்கிறது நீங்களா வெளியாளா. ரெண்டுக்கும் நேரா பதில் வந்தா போங்க, அளவு எடுக்கிற வேலையா கேட்டு வாங்குங்க, அங்க கத்துக்கிறது பின்னாடி பிஎச்டிக்கும் உதவும். பதில் மழுப்பலா வந்தா அந்தச் சம்பளத்துக்காக உங்க பேரை அந்த நம்பர் மேல வைக்காதீங்க.

கேள்வி: எங்க பல்கலைக்கழகத்துல கப்பலும் இல்ல, டிஐசி கருவியும் இல்ல. வெளிநாடு போனாத்தான் முடியுமா?

அப்படி இல்ல. கடல் அமிலமாறதைக் கவனிக்கிற கோவா ஆன்ங்கிற உலக வலையமைப்பு இருக்கு, அவங்களோட பியர் டு பியர்ங்கிற திட்டத்துல அனுபவமுள்ள ஒரு ஆராய்ச்சியாளரை உங்களுக்கு வழிகாட்டியா சேர்த்து விடுவாங்க, செலவு கம்மியான கருவிப் பெட்டியையும் அவங்க வடிவமைச்சிருக்காங்க. போகோ, ஸ்கோர்ங்கிற ரெண்டு சர்வதேச அமைப்பும் சேர்ந்து வளரும் நாடுகள்ல இருக்கிற இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு வேற லேப்ல போய் சில மாசம் கத்துக்க ஃபெலோஷிப் தர்றாங்க. கடலும் காத்தும் சேர்ற இடத்தை ஆராயுற சோலாஸ் அமைப்போட கோடைப் பள்ளியும் ரொம்ப நல்லது. இது எதுக்கும் காத்திருக்காம, பக்கத்துல கழிமுகமோ உப்பங்கழியோ இருந்தா ஒரே இடத்துல, ஒரே முறையில, விடாம அளங்க. கரையோரக் கடலோட கார்பன் கணக்குல ஓட்டை ரொம்ப அதிகம், பெரிய கப்பல்கள் அங்க வர்றதில்ல.

கேள்வி: பிஎச்டி முடிச்சா நிரந்தர வேலை கிடைக்குமா? கைடுக்கு முதல் மெயில் எப்படி எழுதணும்?

நிரந்தரப் பேராசிரியர் வேலை கம்மி, போட்டி ரொம்ப. பிஎச்டிக்கு நாட்டைப் பொறுத்து 3ல இருந்து 6 வருஷம், அதுக்கு அப்புறம் ரெண்டு ரெண்டு வருஷ ஒப்பந்தமா போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை, ஊர் மாறிக்கிட்டே இருக்கணும், கல்யாணம் குழந்தைன்னு யோசிக்கிறவங்களுக்கு இது நிஜமாவே கஷ்டம், அதை மறைக்கிறதுல அர்த்தமில்ல. ஆனா பேராசிரியர் மட்டும்தான் வேலைன்னு நினைக்காதீங்க. கப்பல் டெக்னீஷியன், லேப் மேனேஜர், டேட்டா மேனேஜர், சென்சார் தயாரிக்கிற இடங்கள், அரசாங்க கடல் கண்காணிப்பு, கார்பன் கணக்கை சரிபாக்கிற வேலை, இதெல்லாம் இருக்கு, நல்ல கை இருக்கிற அளவாளருக்கு எங்கயும் மதிப்பு உண்டு.

மெயில் பத்து வரிக்குள்ள இருக்கட்டும். அவங்களோட ஒரு பேப்பரை நிஜமா படிச்சு, அதுல ஒரு படத்தைச் சொல்லி உங்களுக்கு வந்த ஒரு கேள்வியை எழுதுங்க. ஆர்கோ டேட்டாவையோ உங்க டைட்ரேஷன் டேட்டாவையோ வெச்சு நீங்களே வரைஞ்ச ஒரு படத்தை, பிழைக் கோடுகளோட, இணைச்சு விடுங்க. பணம் எத்தனை வருஷத்துக்கு இருக்கு, கடலுக்குப் போற வாய்ப்பு உண்டா, முன்னாடி மாணவர்கள் இப்ப எங்க இருக்காங்கன்னு கேக்கிறதெல்லாம் அவங்க பதில் போட்ட அப்புறம், ரெண்டாவது மெயில்ல. ரெண்டு வாரம் பதில் வரலைன்னா ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், தப்பில்ல, கடல்ல இருந்தாலும் இருப்பாங்க.